வெள்ளிப் பெயின்ட் அடித்த இருபத்திரண்டு ஷட்டர்கள்

நான் முப்பத்தோரு வருடம் பார்த்த வேலை என்னவென்று என் மாமியாருக்கு வெகுநாள் பிடிபடவில்லை. "மாப்பிள்ளை ஏ.சி. கம்பெனியில இருக்கறாருங்க" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். யாராவது "அப்ப எங்க ஊட்டு ஃபிரிட்ஜை வந்து பார்க்கச் சொல்லுங்கோ" என்றால் உடனே எனக்கு ஆள் வந்துவிடும். நான் ஃபிரிட்ஜ் பக்கமே போனவனில்லை. பெரிய கட்டடங்களில் கூரைக்கு அடியில் ஓடும் தகர டக்டுக்குள் தலையை விட்டு, தீப்பிடித்தால் மூட வேண்டிய ஷட்டர் ஒழுங்காக மூடுமா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து இதை விளக்கினேன். "அப்ப நடக்காததுக்குக் காவல் இருக்கறீங்க" என்றார். அதைவிடச் சரியாக எங்கள் எஞ்சினியர்கள்கூடச் சொன்னதில்லை.

போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போது அந்தச் சோதனையைச் செய்கிறவர்கள். ஷட்டரைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று ஒரு புது முறை கொண்டுவரப் பார்க்கிறார்களாம். "படம் போதுமுங்களா அண்ணா? நீங்க என்ன நெனைக்கறீங்க?" என்று கேட்டார்கள். வாயால் பதில் சொன்னால் நான் திட்ட ஆரம்பித்துவிடுவேன். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டுத் திட்டுவது மரியாதை இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

வெளி ஆட்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய கட்டடத்தில் ஏ.சி. எந்திரமும் அதன் பெரிய மின்விசிறியும் மாடிக்கு ஓர் அறையில் இருக்கும். குளிர்ந்த காற்று அங்கிருந்து தகரக் குழாய் வழியாக மாடி முழுக்கப் போகும். சூடான காற்று இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். இந்தக் குழாய்க்குத்தான் டக்ட் என்று பெயர். ஒரு மூலையில் தீப்பிடித்தால் அதன் புகை திரும்பி வரும் டக்டில் ஏறி, விசிறிக்குள் போய், சற்று நேரத்தில் மாடி முழுக்க ஊதப்பட்டுவிடும். நெருப்பு எங்கோ இருக்க, மனிதர்கள் வேறெங்கோ மூச்சுமுட்டி விழுவார்கள்.

அதனால் டக்ட் ஒரு சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் உள்ளே ஓர் இரும்பு ஷட்டர் வைக்கிறார்கள். அதுதான் ஃபயர் டேம்பர். ஷட்டரை மேலே தூக்கிப் பிடித்திருப்பது சுண்டுவிரல் நீளமுள்ள லிங்க் என்ற துண்டு. இரண்டு பித்தளைத் தகடுகளை ஈயப் பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் கொதிக்கும் சூடுகூட வேண்டாம், எழுபது டிகிரி சொச்சத்திலேயே அந்தப் பற்று உருகிவிடும். தகடுகள் பிரியும், ஸ்பிரிங் இழுக்கும், ஷட்டர் படாரென்று விழுந்து வழியை அடைக்கும். கரண்ட் வேண்டாம், ஆள் வேண்டாம். புகையை மோப்பம் பிடித்து மோட்டாரில் மூடுகிற வகையும் உண்டு. தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் அது அபூர்வம்.

நான் காரமடைக்குப் பக்கத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் சிபாரிசில் ஐ.டி.ஐ.யில் தகர வேலை படித்தேன். கோயமுத்தூரில் ஒரு ஏ.சி. கம்பெனியில் டக்ட் செய்கிறவனாகச் சேர்ந்து பத்து வருடம் தகடு வெட்டினேன். கூட வேலை செய்தவன் உக்கடத்து பாஷா. அவர்கள் குடும்பமே தகரத்தில் புனலும் டின்னும் செய்து பிழைத்த குடும்பம். என் வயதுதான், என்னைவிடக் கை சுத்தம், வாய் மட்டும் நீளம். எங்கள் இருவரையும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டேம்பர் சோதனைக்கு மாற்றினார்கள். கௌசல்யா மேடத்தின் கீழ் வேலை.

மேடம் எனக்கு ஒன்பது வயது இளையவர். மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டிக்காரர் மகள். எஞ்சினியரிங் படித்துவிட்டு நேராக எங்கள் கம்பெனிக்கு வந்தார். ஒரு பெண்பிள்ளை ஏணியில் ஏறி டக்டைப் பார்ப்பதா என்று பாதிப் பேர் சிரித்தார்கள். அவர் தலைமுடியைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறுவார். கையில் டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற ஒரு சின்னக் கண்ணாடி. "மேடம் டக்டுக்குப் பல்லுப் புடுங்கப் போறாங்கடா" என்பான் பாஷா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நம் பதில் சரியில்லை என்றால் பேனாவுக்கு மூடி போட்டுவிடுவார். அவ்வளவுதான். அந்த 'டக்' சத்தத்துக்கு நான் பயந்த அளவுக்கு எந்த முதலாளியின் சத்தத்துக்கும் பயந்ததில்லை.

முதல் தடவை சோதித்துவிட்டு வந்து, எல்லா எண்களுக்கும் எதிரே 'சரி' என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஆரோக்கியம், இந்த ஒம்பதாம் நம்பர் விழுந்துச்சுங்களா?"

"நல்லா இருக்குதுங்க மேடம்."

"நல்லா இருக்குதான்னு நான் கேக்கலீங்க."

டக்.

அதன் பிறகு அவரே ஒரு தாள் அச்சடித்துக் கொண்டுவந்தார். அதில் மூன்று கட்டங்கள். பார்த்தது, தொட்டது, விழுந்தது. பார்த்ததை மட்டும் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் காலியாக விடலாம், அதற்குத் திட்டு இல்லை. விழாததை விழுந்தது என்று எழுதக் கூடாது. சோதிக்கும் முறையையும் அவர் வரிசைப்படுத்தியிருந்தார். முதலில் விசிறியை நிறுத்த வேண்டும். டக்டில் இருக்கும் சின்னக் கதவைத் திறக்க வேண்டும். திறக்க முடியாதபடி யாராவது கூரைப் பலகையோ ஒயரோ வைத்திருந்தால் அதை முதலில் எழுத வேண்டும். கண்ணாடி வைத்து ஷட்டரின் மேல்விளிம்பைப் பார்க்க வேண்டும். ஷட்டரை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மற்றக் கையால் லிங்க்கைக் கழற்றி, அந்தக் கையை வெளியே எடுத்த பிறகே ஷட்டரை விட வேண்டும். அவசரப்பட்ட பாஷாவின் நடுவிரலில் இன்றும் ஒரு தழும்பு இருக்கிறது. விழுந்ததும் டார்ச்சை மறுபக்கம் காட்டி, வெளிச்சம் ஒரு நூல்கூடத் தெரியவில்லை என்று பார்த்து, மறுபடி தூக்கி மாட்ட வேண்டும். பொருத்தியதும் ஒரு முறை, வருடம் கழித்து ஒரு முறை, அப்புறம் நான்கு வருடத்துக்கு ஒரு முறை என்று வெளிநாட்டு விதிப் புத்தகத்தில் இருந்தது. "நம்மூருப் பஞ்சுத் தூசிக்கு நாலு வருசம் தாங்காதுங்க" என்று மேடம் எல்லாக் கட்டடத்துக்கும் வருடா வருடம் என்று வைத்துவிட்டார்.

இனி அந்த ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். நான்கு மாடி, மாடி முழுக்க ஏ.சி. முதலாளி சென்னியப்பன், காங்கயம் பக்கத்து விவசாயக் குடும்பம். காலையிலிருந்து வாசலில் நின்று, வருகிறவர்களை எல்லாம் "வாங்க, வாங்க" என்று கும்பிடுகிற மனிதர். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டதால் டேம்பர் சோதனைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். ஆவணி மாதத்தில் சோதித்தோம். இருபத்திரண்டு டேம்பர், இருபத்திரண்டும் விழுந்தன. அறிக்கையின் அடியில் 'சோதித்தவர்' என்ற இடத்தில் மேடம் முதன்முறையாக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதுவரை எல்லாவற்றிலும் அவர் கையெழுத்துத்தான். கூலிக்காரர் மகன் கையெழுத்தை நம்பி நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த அறிக்கையின் நகலை வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவி மேரியிடம் காட்டினேன்.

அடுத்த மாதம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அது சாதாரணப் பண்டிகை இல்லை. லேத் மெஷின் முதல் எடைத் தராசு வரை கழுவித் துடைத்துப் பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைக்காவிட்டால் வேலைக்காரனுக்குத் தூக்கம் வராது. வேதக்காரன் நான், துலுக்கன் பாஷா என்று நாங்கள் ஒதுங்கி நின்றதும் கிடையாது. பொரி கடலை எல்லோருக்கும் பொது. வாடிக்கைக் கட்டடங்களின் ஏ.சி. அறைகளுக்கு எங்கள் ஆட்களே போய்ப் பெயின்ட் அடித்துக் கொடுப்பது கம்பெனி வழக்கம். எந்திரத்தின் வெளிப்பக்கம் மட்டும்.

அந்த வருடம் மேடம் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். ஜவுளிக்கடை என் பொறுப்பு. என் கையெழுத்துள்ள கட்டடம் வேறு. "வெளிய மட்டும் எதுக்கப்பா, கதவத் தொறந்து உள்ளயும் அடிச்சுப்போடலாம். துருப் புடிக்காது" என்று பாஷாவிடம் சொன்னேன். அவனும் சரியென்றான். இரண்டு நாள், இருபத்திரண்டு கதவு. ஷட்டர், சட்டம், ஸ்பிரிங், லிங்க் என்று எதையும் விடவில்லை. வெள்ளிப் பெயின்ட், இரண்டு கோட்டிங். லிங்க்குக்குப் பக்கத்தில் டேம்பர் செய்த கம்பெனிக்காரன் கட்டியிருந்த சிவப்பு அட்டை அசிங்கமாகத் தெரிந்தது, அதன் மேலும் அடித்தோம். முதலாளி மூன்றாம் மாடிக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க ஆரோக்கியம், வெள்ளித் தேராட்ட பண்ணிப்போட்டீங்களே."

எனக்கும் பாஷாவுக்கும் ஆளுக்கொரு வேட்டி எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அந்த ஷட்டர்களைப் படம் எடுத்திருந்தால், அவற்றைவிட அழகான படம் இந்தத் தொழிலில் யாருக்கும் கிடைத்திருக்காது.

ஒரு வாரம் போயிற்று. சிங்காநல்லூர்ப் பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்துக்கு மெட்ராஸிலிருந்து புது டேம்பர்கள் மரப்பெட்டியில் வந்திறங்கின. ஒவ்வொன்றிலும் அதே சிவப்பு அட்டை. நாங்கள் மாட்டும் டேம்பர்களில் வழக்கமாக அதை அறுத்துப் போட்டுவிடுவோம். அன்று சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவன், பொழுது போகாமல் ஓர் அட்டையை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும். ஷட்டர், லிங்க் எதிலும் பெயின்ட் அடிக்கக் கூடாது, அடித்தால் வேலை செய்யாது என்று அதில் போட்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையைக் கேட்டிருக்கிறேன். இருபத்திரண்டு குரங்கு பிடித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அட்டையைப் பாஷாவிடம் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

"வுடப்பா. இத்தன வருசமா அந்தக் கடையில தீயா புடிச்சுது? தீவாளிக் கூட்டம் முடியட்டும். அப்பறம் ரெண்டு பேரும் போயி சத்தமில்லாம தொடச்சுப்போட்டு வந்தர்லாம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. முழுதாக ஒன்றரை நாள் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையெழுத்து போய்விடுமே என்பதுதான் என் கவலையாக இருந்தது, கடைக்கு வருகிற சனங்கள்கூட இரண்டாவதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மேரி, மகள் முதன்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மைச் சடங்குக்கு வெள்ளைத் துணி எடுக்க அந்தக் கடைக்குப் போகலாம் என்றாள். "நீங்க வேலை செஞ்ச கடைதானுங்க, பாப்பாவுக்கும் காட்டுன மாதிரி இருக்கும்" என்றாள். நான் வேண்டாம், அந்தக் கடைக்குப் போகாதே என்றேன். ஏன் என்று கேட்டாள். ஊரார் பிள்ளைகள் போகலாம், என் பிள்ளை போகக் கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். அந்த நிமிடம் எனக்கு வந்த வெட்கத்தை இத்தனை வருடம் கழித்தும் எழுதக் கை கூசுகிறது.

மறுநாள் மேடம் விடுப்பு முடிந்து வந்து நாற்காலியில் உட்காரும்போதே நான் எதிரில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவுக்கு மூடி போட்டார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். மறுபடி மூடியைத் திறந்தார்.

"எத்தனைங்க?"

"இருவத்திரெண்டுமுங்க."

"எத்தனை கோட்டிங்?"

"ரெண்டுங்க."

"ஏணி எடுத்துக்குங்க. ஸ்டோர்ல இருந்து புது லிங்க் ஒண்ணும் எடுத்துக்குங்க. போலாம்."

கடைக்குப் போனோம். வாசலில் நின்ற முதலாளியிடம் மேடம் விஷயத்தைச் சொன்னார். டேம்பர்கள் வேலை செய்யுமா என்று சந்தேகம், எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அதற்கு ஏ.சி.யை நிறுத்த வேண்டும்.

"தீவாளிக்கு இன்னும் பதினொரு நாளுங்க மேடம். இப்பப் போயி ஏ.சி.ய நிறுத்துனா சனம் எதுத்த கடைக்குப் போயிருமுங்க. சந்தேகம்னு சொல்றீங்க. சந்தேகத்துக்கெல்லாம் கடைய மூடுவாங்களா?"

"மூட வேண்டாமுங்க. பத்து நிமிசம் மாடிக்கு வாங்க. பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க."

மூன்றாம் மாடி ஏ.சி. அறைக்குப் போனோம். விசிறியை நிறுத்தினேன். முதலாளி கீழே டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். மேடம் ஏணியில் ஏறிக் கதவைத் திறந்து, லிங்க்கைக் கழற்றி, கையை வெளியே எடுத்தார். ஷட்டர் மேலேயே நின்றது. தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை, ஆனாலும் நின்றது. ஸ்குரூ டிரைவரின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார். அசையவில்லை.

"இது இப்ப விழுந்திருக்கோணுமுங்க" என்றார்.

பிறகு நான் ஏறி இரண்டு கையாலும் இழுத்தேன். காய்ந்த பெயின்ட் துணி கிழிகிற மாதிரிச் சத்தத்தோடு பிய்ந்து, ஷட்டர் பாதி தூரம் வந்து நின்றது.

கழற்றிய லிங்க்கை மேடம் கைக்குட்டையில் வைத்து, கடை ஆட்கள் டீ குடிக்கும் கேன்டீனுக்குக் கொண்டுபோனார். டீ மாஸ்டரிடம் ஒரு பால் சட்டியில் தண்ணீர் வைக்கச் சொன்னார். புது லிங்க்கையும் பெயின்ட் அடித்த லிங்க்கையும் தனித்தனி நூலில் கட்டி, இரண்டின் அடியிலும் ஒரே எடையில் இரும்பு நட்டைத் தொங்கவிட்டுத் தண்ணீருக்குள் இறக்கினார். பக்கத்தில் தெர்மாமீட்டர். நாங்கள் நான்கு பேரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். தண்ணீர் கொதி வருவதற்கு வெகு முன்பே புது லிங்க் பிரிந்தது. நட்டு சட்டியின் அடியில் 'டிங்' என்று விழுந்தது. பெயின்ட் அடித்தது அப்படியே தொங்கியது. தண்ணீர் கொதித்தது. பெயின்ட் கொப்பளித்துத் தோலாகச் சுருங்கி இரண்டு தகடுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. "கேஸை அணைச்சுரட்டுங்களா?" என்று டீ மாஸ்டர் கேட்கும்வரை அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"யாருங்க இதுக்கு மேலயும் பெயின்ட் அடிக்கச் சொன்னது?" என்று முதலாளி கேட்டார்.

மேடம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தது.

"நான்தானுங்க" என்றேன்.

"பூசையன்னைக்கு நான் உங்களுக்கு வேட்டி எடுத்துக் குடுத்தனே, இந்தப் பெயின்ட்டுக்குங்களா?"

"ஆமாங்க. அதுக்குத்தானுங்க."

முதலாளி மேடத்திடம் திரும்பி, காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை கடை உங்களுடையது, ஒன்பதரைக்கு மேல் ஒரு நிமிடம்கூட இல்லை என்றார்.

மறுநாள் காலையிலிருந்து தொடங்கினோம். தின்னரில் நனைத்த துணி, கம்பி பிரஷ், சுரண்டி. எண்ணெய் போடக் கூடாது, தூசி ஒட்டும். ஒவ்வொரு ஷட்டரும் மூன்று முறை தானாக விழுந்தால்தான் அடுத்ததற்குப் போகலாம். பெயின்ட்டோடு கழற்றிய லிங்க் எல்லாம் குப்பைக்குத்தான். புது லிங்க் ஸ்டோரில் பன்னிரண்டுதான் இருந்தது. மீதி பத்தும், கையிருப்புக்குச் சிலதும் மெட்ராஸிலிருந்து பார்சல் லாரியில் வர வேண்டும். லிங்க் இல்லாத ஷட்டரை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது.

"நாலு நாளைக்குத்தானுங்களே மேடம், கட்டுக்கம்பியப் போட்டுத் தூக்கிக் கட்டிரலாமுங்க" என்றான் பாஷா.

"கட்டுக்கம்பி எத்தனை டிகிரியில உருகுமுங்க பாஷா?"

லிங்க் வரும்வரை பத்து ஷட்டர்களும் மூடியே இருந்தன. சட்டைப் பிரிவிலும் குழந்தைகள் பிரிவிலும் ஏ.சி. இல்லை. வாடகைக்கு ஸ்டாண்ட் ஃபேன் எடுத்து வைத்தார்கள். நாங்கள் காலையில் ஏணியோடு நுழையும்போதே, "பெயின்ட்டுக்காரர் வந்துட்டாருங்கோ" என்று, தீபாவளிச் சரக்கு அடுக்க விடியற்காலையிலேயே வந்துவிடும் சேல்ஸ் ஆட்கள் குரல் கொடுப்பார்கள். வேர்த்து ஒழுகுகிறவர்கள் அவர்கள்தான், அதனால் வாயை மூடிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

வேலை முடிந்து புது அறிக்கை எழுதும்போது மேடம் 'சோதித்தவர்' என்ற இடத்தில் தானே கையெழுத்துப் போட்டார்.

"ஒரு வருசத்துக்கு நானே போட்டுக்கறனுங்க ஆரோக்கியம். சோதிக்கறது நீங்கதான்."

நியாயம்தான். வலித்தது என்பதும் உண்மைதான்.

லிங்க்குகள் வந்து கடைசி ஷட்டரை மாட்டியபோது தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, மதியம் மூன்று மணி வாக்கில் ஆபீசுக்கு முதலாளியின் போன் வந்தது. மேடம் வெளியே போயிருந்தார். நான்தான் எடுத்தேன்.

"மூணாவது மாடியில ஏ.சி. சுத்தமா வரலீங்க. பட்டெடுக்க வந்த சனம் வேர்த்து ஊத்துது. இன்னும் என்னென்னங்க பண்ணி வெச்சிருக்கறீங்க?"

பாஷாவின் ஸ்கூட்டரில் போனோம். போகிற வழியெல்லாம், லிங்க்கைச் சரியாக மாட்டாமல் விட்டிருப்பேனோ என்று மனத்துக்குள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனேன். பட்டுப் பிரிவிலிருந்து திரும்பி வரும் டக்ட், பக்கத்துச் சரக்கு அறைக்கு மேலாக ஓடி, அங்கிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு, ஏ.சி. அறைச் சுவரைத் துளைத்து உள்ளே வரும். அந்தச் சுவரில் இருப்பது பதினேழாம் எண் டேம்பர். விசிறியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். ஷட்டர் விழுந்து கிடந்தது. லிங்க் இரண்டு தகடாகப் பிரிந்திருந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன், விளிம்பில் ஈயம் உருகி மணியாக நின்றது. ஷட்டரை ஒரு விரற்கடை தூக்கினேன். அந்தப் பக்கத்திலிருந்து கரிந்த அட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. உடனே கீழே விட்டுவிட்டேன்.

சரக்கு அறைக்கு ஓடினோம். உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டத் தட்டக் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தது. சேலைகளுக்கு இஸ்திரி போடும் மாணிக்கம் நின்றார், ஐம்பது வயதுக்காரர். கண் சிவந்து, முகமெல்லாம் கரி. கையில் நனைந்த சாக்கு. தரையெல்லாம் தண்ணீர், சுவரோரம் கருகிய அட்டைப்பெட்டிகளும் பாலிதீன் உறைகளும் ஒரு குவியல். ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல் டீ குடிக்கப் போய்விட்டாராம். திரும்பி வந்து யாரையும் கூப்பிடாமல், ஒற்றை ஆளாகச் சாக்கை நனைத்து நனைத்து அடித்து அணைத்திருக்கிறார்.

"ஏனுங்க, மொதலாளிகிட்டச் சொல்லிப்போடாதீங்கோ. வேலை போயிருமுங்க" என்று இருமிக்கொண்டே கையைப் பிடித்தார்.

நான் மேலே பார்த்தேன். காற்று இழுக்கும் கிரில்லும் அதைச் சுற்றியிருந்த சுவரும் அடுப்படி மாதிரிக் கறுத்திருந்தன. அந்தப் புகையெல்லாம் மேலே போயிருக்கிறது, பதினேழாம் எண்ணோடு நின்றிருக்கிறது.

"நான் சொல்றதுக்கு முந்தி நீங்களே போயிச் சொல்லிப்போடுங்க. இந்தக் கடையில நான் பண்ணுனது இருவத்திரெண்டு தப்பு, உங்களுது ஒண்ணுதான். நானும் கூட வாரேன்" என்றேன்.

போனோம். அவர் சொன்னார். முதலாளி மேலே ஏறி வந்து, அந்தக் குவியலையும் கறுத்த கிரில்லையும் பார்த்தார்.

"அந்த ஷட்டரு மூடலைன்னா என்னாயிருக்குமுங்க?"

"இந்தப் பொகை பூராவும் எங்க விசிறிக்குள்ள போயி, பட்டு எடுக்கறவங்க தலைக்கு மேல வந்திருக்குமுங்க."

அவர் பக்கத்திலிருந்த ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். சற்றுக் கழித்து மாணிக்கத்திடம், "போயி மூஞ்சி கழுவீட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. இங்க நிக்க வேண்டாம். தீவாளி முடிஞ்சு வேலைக்கு வாங்க" என்றார்.

நான் ஏ.சி. அறைக்குத் திரும்பி வந்தேன். தரையில் உட்கார்ந்து அழுதேன். பாஷா பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் கையைப் போட்டுக்கொண்டான்.

பிறகு எழுந்து வேலையைப் பார்த்தோம். சரக்கு அறையில் புகை முழுக்கப் போகும்வரை ஜன்னல்களைத் திறந்து வைத்து, அங்கிருந்த கிரில்லை ஒரு தகட்டால் அடைத்தோம். புது லிங்க் கொண்டுவரப் பாஷா ஸ்டோருக்குப் போய்த் திரும்பினான். அதை மாட்டுவதற்கு முன், பட்டுப் பிரிவில் கரி ஏதும் உதிர்ந்திருக்கிறதா என்று பார்க்க வெளியே போனேன்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. நடுவில், கல்யாணப் பட்டெடுக்கக் கொடுமுடியிலிருந்து வந்த ஒரு கூட்டம் பாய் நிறைய உட்கார்ந்திருந்தது. எந்த நிறம், அரக்கா மயில் கழுத்தா என்று அவர்களுக்குள் வழக்கு. கல்யாணப் பெண் ஒரு சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றாள். அவள் அம்மா சேலை அட்டையால் விசிறிக்கொண்டே என் காக்கிச் சட்டையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, ஏ.சி. ரிப்பேருங்களா? இப்பிடி வேகுது. எப்ப வருமுங்க?"

"ரிப்பேரெல்லாம் இல்லீங்க. பத்து நிமிசத்துல வந்துருமுங்க" என்றேன்.

சொல்லிவிட்டு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் தூணோரம் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் இருமவில்லை.